1972 கார்வெட்: பெயின்டுக்குக் கீழே இருக்கும் இரும்பைப் பார்த்து வாங்கியதும், பழுது பார்த்ததும்

பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே எனக்குக் கார்வெட்தான். அதிலும் 1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறை. இடுப்பு ஒடுங்கி, நான்கு சக்கரத்துக்கு மேலும் உடல் புடைத்து நிற்கும் அந்த உருவத்துக்கு நிகராக இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அந்த வரிசையில் நான் தேடியது 1972-ஆம் வருட வண்டியை மட்டும். முன்னாலும் பின்னாலும் குரோம் பம்பர் இருந்த கடைசி வருடம் அது. 1973-ல் முன் பம்பர் யூரித்தேன் பிளாஸ்டிக்குக்கு மாறியது, அடுத்த வருடம் பின் பம்பரும் போய்விட்டது. பின்பக்கக் கண்ணாடியைக் கழற்றி எடுக்கிற வசதியும் 1972-ஓடு சரி. கூரையின் இரண்டு பலகைகளையும் அந்தக் கண்ணாடியையும் எடுத்துவிட்டு ஓட்டுவது தனி சுகம்.

இன்னொரு காரணம் விலை. 1971-ல் அடிப்படை 350 கன அங்குல இன்ஜினுக்கு 270 குதிரைத்திறன் என்று போட்டார்கள். 1972-ல் கிட்டத்தட்ட அதே இன்ஜினுக்கு 200. ஒரே வருடத்தில் எழுபது குதிரைகள் எங்கும் ஓடிவிடவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. முன்பெல்லாம் இன்ஜினை மட்டும் தனியாக மேடையில் ஏற்றி, ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்தார்கள். 1972 முதல் வண்டியில் எப்படி இருக்குமோ அப்படியே எல்லாவற்றையும் மாட்டி அளந்த கணக்கு. எண்ணை மட்டும் பார்த்து இந்த வருடத்தை ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் விலை ஏறவில்லை, வாங்குகிறவனுக்கு அது நல்லதுதான்.

1972-க்கு ஒரு பெரிய சாதகமும் உண்டு. அந்த வருடம்தான் முதல்முறையாகக் கார்வெட்டின் வின் எண்ணிலேயே, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் ஆலை தரும் அடையாள எண்ணிலேயே, இன்ஜின் வகை வந்தது. ஐந்தாவது இடத்தில் கே என்றால் அடிப்படை 350, எல் என்றால் எல்டி-1 என்கிற சக்தி கூடிய 350, டபிள்யூ என்றால் 454 கன அங்குலப் பெரிய இன்ஜின். அதற்கு முந்தைய வருட வண்டிகளில் சாதாரண இன்ஜினோடு பிறந்த காரில் பெரிய இன்ஜினை இறக்கி, பிறவியிலேயே அப்படித்தான் என்று விற்றால், வின் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 1972-ல் அந்த ஏமாற்று எடுபடாது.

கார்வெட் வாங்கப் போகிறவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம், இதன் உடல் இரும்பே இல்லை என்பது. 1953 ஜூன் 30 அன்று மிச்சிகனில் ஃப்ளின்ட் நகரத்தில் முதல் கார்வெட் வெளிவந்தது. அந்த வருடம் செய்த 300 வண்டியும் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு, உடல் முழுக்க ஃபைபர்கிளாஸ். அதற்குப் பின் செயின்ட் லூயிஸ் ஆலைக்குப் போய், 1981-ல் கென்டக்கியின் பௌலிங் கிரீனுக்கு இடம் மாறியும், இரும்பு உடலோடு ஒரு கார்வெட் வந்ததில்லை. ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது. அதனால் ஐம்பது வயது வண்டிகூட நல்ல பெயின்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னும். துருப்பிடிக்கிற இரும்பெல்லாம் அந்தத் தோலுக்கு உள்ளேயும் அடியிலும் இருக்கிறது. கீழே ஃபிரேம். அதன்மேல் முன்கண்ணாடியைச் சுற்றியும், கதவுத் தூண்களிலும், இருக்கைக்குப் பின்னாலும் ஓடும் ஒரு இரும்புக் கூடு. பேர்ட்கேஜ் என்று கார்வெட்காரர்கள் சொல்வது இதைத்தான். கதவு தொங்குவதும், கண்ணாடி ஒட்டியிருப்பதும், உடல் ஃபிரேமோடு சேர்வதும் இந்தக் கூட்டில்தான். இது அரித்துப் போயிருந்தால் மேலே என்ன பெயின்ட் இருந்தும் பிரயோசனமில்லை.

டெட்ராய்ட் பக்கம் எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்தவர், கோயம்புத்தூர்க்காரர். டூல் ரூமில் வளர்ந்த கை. பழைய வண்டிகளில் அவருக்குத் தெரியாதது குறைவு. நான் வண்டி தேடுகிறேன் என்றதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, மேல பாக்காதீங்க. கால் வெக்கிற எடத்துல சைடு பேனலக் கழட்டிப் பாருங்க. கழட்ட விடலீன்னா திரும்பி வந்துருங்க."

முதலில் பார்த்த வண்டி ஒஹாயோவில் இருந்தது. மஞ்சள் நிறம், புது டயர், உள்ளே எல்லாம் புதுத் தோல். ஒரு விற்பனையாளரின் கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தார்கள். இரும்பு உடல் வண்டியாக இருந்தால் துணி சுற்றிய காந்தத்தை உடல் முழுக்க ஓட்டிப் பார்த்துப் பட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இங்கே காந்தத்துக்கு வேலை இல்லை. பதிலாக முன்சக்கர வளைவுக்குள் தலையை விட்டு, ஃபைபர் பலகைகள் சேரும் இடத்தில் உள்பக்கம் ஓடும் பட்டைகளைப் பார்த்தேன். ஆலையில் ஒட்டிய பட்டை ஒரே அகலத்தில் சீராகப் போகும், ஓரத்தில் பிதுங்கிய பசைகூட அப்படியே காய்ந்திருக்கும். முன்பக்கம் மோதி மாற்றிய வண்டியில் அந்தப் பட்டை காணாமல் போயிருக்கும், அல்லது கண்டபடி பூசிய ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் இருக்கும். இந்த வண்டியில் பட்டைகள் சரியாகவே இருந்தன. மோதிய வண்டி இல்லை.

அப்புறம் ஓட்டுநர் பக்கம் குனிந்து, கால் வைக்கும் இடத்தில் பக்கவாட்டில் இருந்த பிளாஸ்டிக் பேனலின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். பேனல் வந்ததும் கூடவே ஒரு கைப்பிடி பழுப்புத் தூளும் செதிலும் தரைவிரிப்பில் கொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் கதவுத் தூணின் அடிப்பாகம் ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கிறது. உடலும் ஃபிரேமும் சேரும் போல்ட்டைச் சுற்றி இரும்புத் தகடு என்று சொல்ல எதுவுமில்லை, அதன்மேல் கறுப்பு அண்டர்கோட்டிங்கை அள்ளித் தெளித்திருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெல்லத் தொட்டேன், உள்ளே போய்விட்டது. எழுந்து முன்கண்ணாடியின் கீழ் மூலையைப் பார்த்தேன். கண்ணாடியைச் சுற்றியிருந்த ஸ்டெயின்லெஸ் பட்டைக்குப் பக்கத்தில் பெயின்ட் சிறு கொப்புளமாக எழும்பியிருந்தது.

இரண்டு இடத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அந்தப் பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கும். இரும்பு அங்கே முதலில் அரிக்கும். ஓட்டை விழுந்ததும் மழைத் தண்ணீர் தூணுக்கு உள்ளேயே இறங்கி அடியில் போய் நிற்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மேலே கொப்புளம் இருந்தால் கீழே என்ன இருக்கிறது என்று ஊகித்துவிடலாம். இதைச் சரிசெய்ய முன்கண்ணாடியை எடுக்க வேண்டும், டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும், அடிவரை போயிருந்தால் ஃபிரேமிலிருந்து உடலையே தூக்க வேண்டும். செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிற ஊர் இது. மிச்சிகன், ஒஹாயோ வண்டி என்றால் இந்தச் சோதனை இல்லாமல் ஒரு டாலர்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது. விற்பனையாளருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வாங்கிய வண்டி இண்டியானாவில் கிடைத்தது. எல்கார்ட் கிரீன் என்று செவர்லே பெயர் வைத்த பச்சை நிறம், ஆட்டோமேட்டிக் கியர். சொந்தக்காரர் வயதானவர். வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நியூ மெக்ஸிகோவில் இருந்தது என்பதற்குப் பழைய ரசீதுகளைக் கோப்பாக வைத்திருந்தார். வறண்ட ஊர் வண்டியில் வெயில் தன் வேலையைக் காட்டியிருக்கும். கதவு ரப்பர் எல்லாம் பொடிந்து உதிர்ந்தது, டேஷ்போர்டில் விரிசல், இருக்கை வெளுத்திருந்தது. அதெல்லாம் கடையில் கிடைக்கும் பொருள். கால் பேனலைக் கழற்றிப் பார்த்தபோது தூணின் அடியில் செந்நிற மண்ணும் காய்ந்த இலையும் இருந்தன. விரலால் துடைத்தால் ஆலையில் பூசிய பிரைமர் தெரிந்தது. பின்சக்கரத்துக்கு முன்னால் ஃபிரேம் மேலே வளைந்து ஏறும் இடம் இன்னொரு பலவீனமான இடம். அங்கே சேறு சேர்ந்து உள்ளிருந்து அரிக்கும். சின்னச் சுத்தியலால் நெடுக்கத் தட்டிக்கொண்டே போனேன். எங்கும் கணீரென்றுதான் கேட்டது.

மனதளவில் அப்போதே வாங்கிவிட்டேன். ஆனாலும் எண்களைப் பார்க்காமல் விலை பேச முடியாது.

வின் தகடு ஓட்டுநர் பக்கத் தூணில், முன்கண்ணாடி வழியாகப் படிக்கிற மாதிரி இருக்கும். எண்ணோடு சேர்த்து அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டையும் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் பயன்படுத்தியது பூவிதழ் வடிவத் தலை உள்ள ரிவெட். சாதாரண பாப் ரிவெட் இருந்தால் தகட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள். கதவுத் தூணில் இன்னொரு தகடு, அதில் பெயின்ட் குறியீடும் உள் அலங்காரக் குறியீடும் இருக்கும். வெளியே இருக்கும் நிறமும் தகட்டில் இருக்கும் நிறமும் ஒன்றா என்று அங்கே தெரிந்துவிடும். இந்த வண்டியில் எல்லாம் பொருந்தின.

இன்ஜினில் பொருந்தவில்லை. பிளாக்கின் முன்பக்கம், பயணியின் பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பெருவிரல் அகலத்துக்கு ஒரு தட்டையான மேடை இருக்கும். இன்ஜின் ஆலையின் முத்திரையும், வண்டியின் வின் எண்ணிலிருந்து எடுத்த கடைசி இலக்கங்களும் அதில் குத்தியிருக்கும். கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ அங்கே போகவே கூடாது. பிரேக் கிளீனரைத் தெளித்து மெல்லிய துணியால் துடைத்தேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், முன்னிருந்து பின்னாக முடிபோல மெல்லிய இணைகோடுகள் தெரிகின்றன. ஆலையில் பிளாக்கின் மேல்பரப்பைச் சீவும்போது விழுந்த கோடுகள் அவை. போலி எண் குத்துகிறவர்கள் பழைய எண்ணை அரைத்து எடுக்கும்போது இந்தக் கோடுகளும் அழிந்துபோகும். இங்கே கோடு அசலாக இருந்தது, எண் மட்டும் வேறு வண்டியுடையது. உறுதிப்படுத்திக்கொள்ளப் பிளாக்கின் பின்பக்கம் டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்து வார்ப்பு எண்ணைப் படித்தேன். 3970010. வார்ப்புத் தேதி மே மாதம், வருடத்துக்கு ஒரே ஒரு இலக்கம், 6. அந்த வார்ப்பு எண் 1966-ல் கிடையாது. ஆகவே 1976. வண்டி பிறந்து நான்கு வருடம் கழித்துப் பிறந்த இன்ஜின்.

பெரியவர் இதை மறைக்கவில்லை. நான் கண்ணாடியை வைத்துக் குனிந்திருக்கும்போதே, "அது மாற்றின இன்ஜின், எனக்கு முன்னாடி இருந்தவர் மாற்றியது" என்றார். எனக்கு அதில் கவலை இல்லை. சேகரிப்பவர்கள் அசல் எண் பொருந்தும் வண்டிக்குத்தான் பெரிய விலை கொடுப்பார்கள். என்சிஆர்எஸ் என்கிற கார்வெட் புனரமைப்பாளர் சங்கம் 1974 முதல் ஒவ்வொரு போல்ட்டின் தலைக்குறி வரை பார்த்து மதிப்பெண் போடுகிறது. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நான் ஓட்ட வாங்குகிறேன். அழுகிய கூட்டில் அசல் இன்ஜின், நல்ல கூட்டில் மாற்று இன்ஜின் என்று இரண்டு வண்டி இருந்தால், யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன். 350 இன்ஜின் அமெரிக்காவில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். நல்ல பேர்ட்கேஜ் கிடைக்காது. அவர் கேட்டது 23,500 டாலர். இன்ஜின், பிரேக், ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி 19,000-க்குப் பேசி முடித்தோம்.

காகித விஷயத்தில் ஒன்று. இன்றைய வண்டிகளின் வின் எண் 17 இலக்கம், அது வந்தது 1981-ல். 1972 கார்வெட்டுக்கு 13 தான். வண்டியின் வரலாற்றை இணையத்தில் எடுத்துத் தரும் சேவைகளில் இந்த எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. ஆகவே கையில் இருக்கும் டைட்டில் என்கிற உரிமைப் பத்திரம், பழைய ரசீது, பழைய பதிவு அட்டை, இவைதான் சாட்சி. டைட்டிலில் உள்ள எண்ணைத் தகட்டோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். காப்பீடும் சாதாரண வண்டிக்கு எடுப்பது போல எடுக்கக் கூடாது, முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்புக்கு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்துக்குப் பின் ஐம்பது வருடத் தேய்மானம் கழித்துக் காசோலை வரும்.

பிரேக் மிதி தரைவரை போய்க்கொண்டிருந்ததால் வண்டியை ஓட்டி வரவில்லை, பிளாட்பெட் லாரியில் ஏற்றி வந்தேன். முதல் வேலையும் பிரேக்தான்.

1965 முதல் கார்வெட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அந்தக் காலத்து அமெரிக்க வண்டியில் அது பெரிய விஷயம். ஜோரா ஆர்கஸ்-டன்டாவ் என்கிற பொறியாளரின் கைபட்ட வண்டி இது, 1975-ல் ஓய்வு பெறும்வரை கார்வெட்டைக் கார் பந்தயக் கண்ணோடு பார்த்தவர். டிஸ்கைக் கவ்வி நிறுத்தும் ஒவ்வொரு காலிபரிலும் நான்கு பிஸ்டன், மொத்தம் பதினாறு. நன்றாக இருந்தால் இன்றைக்கும் அசத்தலாக நிற்கும். பிரச்சினை அந்தக் காலிபர் வார்ப்பிரும்பு என்பதில் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வண்டி ஓடாமல் நிற்கிற மாதங்களில் அந்த ஈரம் பிஸ்டன் ஓடும் துளையை அரிக்கும். நான் கழற்றிய காலிபரில் பிஸ்டனை எடுத்துவிட்டு உள்ளே நகத்தால் வருடினால், அம்மைத் தழும்பு போலக் குழி குழியாகத் தட்டுப்பட்டது. அதன்மேல் எந்தப் புது ரப்பர் போட்டாலும் கசியும். துளைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கிய காலிபர்களாக நான்கையும் மாற்றினேன். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ரப்பர் ஹோஸ்களும் கூடவே புதிது.

எல்லாம் மாட்டி, பிரேக் குழாய்களில் இருந்த காற்றை எடுத்ததும், மிதி கல் மாதிரி நின்றது. நூறு மைல் ஓட்டியதும் மறுபடி மெத்தென்று ஆனது. எங்கும் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. கார்வெட்காரர்களுக்கு இது பழகிய நோய். பின்சக்கர ரோட்டர், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க், இம்மி அளவு கோணலாகச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளி வெளியே விடும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பரின் உதடு ஆயிலை வெளியே விடாது. ஆனால் இந்த ஆட்டத்தில் எதிர்த்திசையில் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒழுகாமலே காற்று ஏறுவது இப்படித்தான்.

டயல் கேஜை வைத்து அளந்தேன். இடதுபக்கம் 0.002 அங்குலம், சரி. வலதுபக்கம் 0.009. காரணம் தேடப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ஆலையில் ரோட்டரைச் சக்கரம் மாட்டும் அச்சான ஸ்பிண்டிலோடு ரிவெட் அடித்து, இரண்டும் சேர்ந்த நிலையில்தான் கடைசல் பிடித்தார்கள். இடதுபக்கம் ரிவெட்டுகள் இன்னும் அப்படியே இருந்தன. வலதுபக்கத்தில் யாரோ எப்போதோ ரிவெட்டைத் துளையிட்டு எடுத்துப் புது ரோட்டர் போட்டிருந்தார்கள். ஜோடி பிரிந்தால் இரண்டின் சிறு கோணலும் கூடிக்கொள்ளும். ரோட்டரை ஒவ்வொரு போல்ட் துளையாகத் திருப்பி மாட்டி, எந்த நிலையில் குறைவு என்று பார்த்தேன். ஒரு நிலையில் 0.006 வரை இறங்கியது. மீதிக்கு, ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த தகட்டு ஷிம் ஒன்றை ரோட்டருக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையில் வைத்தேன். 0.002-க்கு வந்துவிட்டது. ரோட்டரின் கனத்தையும் அளந்துகொண்டேன். புதிதாக இருக்கும்போது 1.25 அங்குலம், 1.215-க்குக் கீழே போனால் தூக்கிப்போட வேண்டும். என்னுடையவை 1.235-க்குக் குறையாமல் இருந்தன.

காற்று எடுக்கும்போது கவனிக்க ஒன்று இருக்கிறது. முன் காலிபரில் காற்று எடுக்கும் திருகு ஒன்று, பின் காலிபரில் இரண்டு, உள்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் ஒன்று. உள்பக்கத் திருகு கண்ணில் எளிதில் படாது. கோயம்புத்தூர் அண்ணன் வந்து மிதியை மிதிக்க, நான் கீழே படுத்து உள்பக்கம் முடித்து வெளிப்பக்கம் வந்தேன். "பொறுமையா மிதிங்கண்ணே" என்று நான் கத்துவதும் "புடிச்சுட்டேன், தெறங்க" என்று அவர் சொல்வதுமாக அந்தச் சனிக்கிழமை கழிந்தது. ஈரம் உறிஞ்சாத சிலிக்கான் ஆயில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் டாட் 4 போட்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று வைத்திருக்கிறேன். மிதியின் உறுதி எனக்கு அதில்தான் பிடிக்கிறது.

அடுத்தது ஹெட்லைட். மூடியபடி படுத்திருக்கும் விளக்குகள் ஸ்விட்சைப் போட்டதும் எழுந்து நிற்க வேண்டும். இதைத் தூக்குவது மோட்டார் இல்லை, இன்ஜினின் வேக்கம். இன்ஜின் உறிஞ்சும் காற்றின் இழுவையை ஒரு தொட்டியில் சேர்த்துவைத்து, அங்கிருந்து ரிலே வழியாக ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் இருக்கும் வட்ட டப்பாவுக்கு அனுப்புகிறார்கள். டப்பாவுக்குள் ரப்பர் சவ்வு. ஒருபக்கம் இழுத்தால் விளக்கு எழும், மறுபக்கம் இழுத்தால் படுக்கும். 1972 வரை வைப்பரை மூடியிருக்கும் பலகையும் இதே வேக்கத்தில்தான் திறந்தது. எங்கே ஒரு ஓட்டை இருந்தாலும் எல்லாமே சோர்ந்துவிடும்.

என் வண்டியில் வலது விளக்கு சட்டென்று எழும், இடது விளக்கு பாதியில் நின்றுவிடும். வைப்பர் பலகை அசையவே இல்லை. எல்லா ஹோஸையும் மொத்தமாக மாற்றிவிடலாம் என்றுதான் பலர் சொல்வார்கள். எனக்கு ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பதே சரியாகப் படுகிறது. கையால் இயக்கும் சின்ன வேக்கம் பம்ப் ஒன்றை வாங்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, இடது டப்பாவின் பின்பக்கக் குழாயில் மாட்டி இழுத்தேன். முள் 15 அங்குலப் பாதரச அளவில் அசையாமல் நின்றது. சவ்வு நன்றாக இருக்கிறது. முன்பக்கக் குழாயில் மாட்டினேன். கையை எடுத்த உடனே முள் சரிந்தது, டப்பாவின் கம்பி வெளியே வரும் துளையில் மெல்லிய சீறல் கேட்டது. அந்தத் துளையில் இருக்கும் சிறு ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருந்தது. சவ்வு கிழிந்தால் டப்பாவையே மாற்ற வேண்டும், சீல் என்றால் சில டாலரில் முடியும். புது சீலைப் போட்டு, கம்பியைச் சுத்தம் செய்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டினேன். வைப்பர் பலகைக்குக் காரணம் வேறு. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஹோஸ் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஓடிய நிறக்கோட்டை வைத்து அதன் இடத்தைக் கண்டுபிடித்துச் சொருகியதும் பலகை திறந்துகொண்டது. ஆலையில் ஹோஸ்களுக்கு நிறக்கோடு போட்டவர்களை வாழ்த்தினேன். இப்போது இன்ஜினை நிறுத்திய பின்னும் தொட்டியில் இருக்கும் வேக்கத்தில் விளக்குகள் ஒருமுறை எழுந்து படுக்கின்றன. தொட்டியும் செக் வால்வும் நல்ல நிலையில் இருக்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம்.

மின்சாரக் கோளாறுகளை அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. பின்விளக்கு மினுக்கியது, பெட்ரோல் முள் ஆடியது, இரண்டுக்கும் எர்த்தான் காரணம். இரும்பு உடல் வண்டியில் விளக்கை எங்கே முடுக்கினாலும் எர்த் கிடைத்துவிடும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் ஃபிரேம்வரை வர வேண்டும். அந்த வயர்களின் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கினேன், தீர்ந்தது. கார்வெட்டில் மின்சாரச் சிக்கல் என்றால் பியூஸைத் தொடும் முன்னால் எர்த்தைத் தொட்டுப் பார்க்கலாம்.

பெட்ரோல் டேங்கை இறக்கியதற்குக் காரணம் ரப்பர் ஹோஸ்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை அரிக்கும், நனைந்த ஹோஸ் ஒன்று எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு தூங்க முடியாது. ஸ்டெப்னி தொட்டிலைக் கழற்றி, பட்டைகளை அவிழ்த்து, டேங்கை மெல்ல இறக்கினால் அதன் மேல்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. செயின்ட் லூயிஸ் ஆலையில் வண்டிக்கு என்னென்ன போட வேண்டும் என்று கட்டம் கட்டமாக அச்சடித்து ஒட்டிய தாள். ஓரங்கள் எலி கடித்துப் போயிருந்தன, நடுவில் ஈரக்கறை. ஆனாலும் பச்சை நிறக் குறியீட்டைப் படிக்க முடிந்தது, ஆட்டோமேட்டிக் கியருக்கான கட்டம் தெரிந்தது, வின் எண்ணின் கடைசி இலக்கங்கள் தகட்டோடு பொருந்தின. இன்ஜின் மாறிப்போன வண்டிக்கு இதைவிட நல்ல பிறப்புச் சான்று கிடையாது. அதைப் பிய்த்துச் சட்டம் போடுகிறவர்கள் உண்டு. நான் தொடவில்லை. பல கோணத்தில் படம் எடுத்து, மேலே தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டாமல் போர்த்தி, டேங்கைத் திரும்ப ஏற்றிவிட்டேன். வண்டியைப் பிறகு யார் வாங்கினாலும் அது அதன் இடத்திலேயே இருக்க வேண்டும்.

பெயின்டில் ஹெட்லைட் மூலைகளில் மயிரிழை விரிசல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இப்போதைக்குக் கை வைக்கப் போவதில்லை. விரிசலின் மேல் பட்டி பூசினால் ஒரு கோடையில் திரும்ப வந்துவிடும். அடியில் ஃபைபர்வரை தேய்த்து, பாயும் ரெசினும் வைத்துக் கட்டினால்தான் நிற்கும்.

மிச்சம் இருக்கும் பெரிய வேலை பின்சக்கர பேரிங்குகள். 1963-ல் கார்வெட்டுக்கு வந்த தனித்தனிப் பின் சஸ்பென்ஷனில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்முக்குள் இந்த பேரிங்குகள் புதைந்திருக்கின்றன. கிரீஸ் வைக்க வழி இல்லை, கழற்ற பிரஸ்ஸும் தனிக் கருவிகளும் வேண்டும். இவை இறுகி எரிந்தால் ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும். அதனால் ஜாக் வைத்து, டயல் கேஜால் உள்ளும் புறமுமான ஆட்டத்தை அளந்தேன். செவர்லே அனுமதிப்பது 0.001 முதல் 0.008 அங்குலம்வரை. இடதுபக்கம் 0.004, வலதுபக்கம் 0.007. அளவுக்குள் இருக்கிறது, ஆனால் வலதுபக்கம் விளிம்பில் இருக்கிறது. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் ஊர்வலமாகப் போகும் டிரீம் குரூஸுக்கு மெதுவாக ஓட்டிப் போய்வருவேன். ஹைவேயில் நீண்ட தூரம் போகப் போவதில்லை. குளிர்காலத்தில் வண்டி கராஜுக்குள் போனதும் இரண்டு டிரெய்லிங் ஆர்மையும் ஷிம் எண்ணிக்கை குறித்துவைத்துக் கழற்றி, இந்த வேலையை மட்டுமே செய்யும் ஒரு கடைக்கு அனுப்பப் போகிறேன். புஷ்களும் யூ-ஜாயின்ட்களும் வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று.